நாலு மணி அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். பையன் குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த 24 நாளைப் பற்றி மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை, எழுத உட்கார்ந்தால் மானிட்டர் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. பையன் வீட்டில் இருக்கிறான். நேற்று நர்சம்மா வந்து எடை போட்டதில் 3 கிலோ 150 கிராம். பிறந்தபோது 1 கிலோ 680. போன் பண்ணி விசாரித்தவர்களுக்கெல்லாம் இவர்தான் பதில் சொன்னார், நான் யாரிடமும் பேசவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போது ராத்திரி மணி மூன்று. பையன் என் நெஞ்சுமேல் கிடக்கிறான், ஒரு கை அவன் முதுகைத் தட்டுகிறது, இன்னொரு கை இதைத் தட்டுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. 108 வண்டியில் வந்த இரண்டு பேருக்கு; முகம்கூட ஞாபகமில்லை, "மூச்ச நல்லா இழுத்து உடுங்க்கா" என்ற குரல் மட்டும் இருக்கிறது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வார்டு சிஸ்டர்கள் அத்தனை பேருக்கும். எனக்குப் பால் சரியாக ஊறாத முதல் நாலு நாளும் தாய்ப்பால் வங்கியிலிருந்து வந்த பாலைத்தான் குழாய் வழியாக இவனுக்குக் கொடுத்தார்கள். யார் கொடுத்த பால் என்று கேட்டேன், அதைச் சொல்ல மாட்டார்களாம். 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, கிருமி இல்லை என்று பார்த்து, உறைய வைத்துத்தான் எடுத்து வருகிறோம், பயப்படாதீங்க என்று மட்டும் சிஸ்டர் சொன்னார். எந்த ஊரோ தெரியாது, தன் பிள்ளைக்குக் கொடுத்தது போக மிச்சத்தைப் பிழிந்து வைத்த தாயே, உங்கள் பிள்ளை நூறு வருஷம் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் போன் பண்ணி, "கண்ணு டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்களா" என்று கேட்ட சிஸ்டருக்குத் தனியாக ஒரு கும்பிடு. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித்தான் இருந்தது, நாங்கள்தான் மறந்து போனோம். 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டுமாம். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, விட்டுவிட்டால் பார்வையே போகலாமாம். 28-ஆம் நாள் போனோம். ஒன்றுமில்லை என்றார்கள். குறைமாதக் குழந்தை வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால் சீட்டை ஒருதரம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், கேட்காமலே லீவு கொடுத்து சம்பளத்தையும் பிடிக்காத இவருடைய திருப்பூர் கம்பெனிக்கு, வாடகை வாங்க மாட்டேன் என்று சாவியை ஆட்டிக்கொண்டே ஓடிப்போன ஆட்டோக்காரருக்கு, பத்தியச் சோறும் பூண்டுக் குழம்பும் கொடுத்தனுப்பிய வீடுகளுக்கு (கிண்ணங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன, எது யாருடையது என்று தெரியவில்லை, வந்து எடுத்துக்கொள்ளவும்), சென்னிமலைக்கு எங்களுக்காக நடந்தே படியேறிய சித்திக்கு, முட்டி வலியோடு தாராபுரத்திலிருந்து வந்து இன்னும் ஊருக்குத் திரும்பாத எங்கம்மாவுக்கு. எல்லோருக்கும் எழுத வேண்டும். ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது ஒருவருக்காகத்தான்.

பல்லடத்துக்கும் மங்கலத்துக்கும் நடுவே எங்கள் ஊரில் நாலு வீட்டுக்கு ஒரு தறிக்குடோன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் லைன் வீட்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கிற குடோனில் அந்த அக்கா ராத்திரியில் தார் ஓட்டுகிறார், தறிக்கு வேண்டிய நூலைச் சுற்றிக் கொடுக்கிற வேலை. மறுநாளைக்கு வேண்டிய தார் சேர்ந்துவிட்டால் நாலு மணிக்கு வெளியே வந்துவிடுவார். அதுவரை அவரிடம் நான் பேசியதெல்லாம் தண்ணீர்க் குழாயடியில் "நகருங்க்கா" என்பதோடு சரி. பேரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். "பேரப் போட்டீன்னா அப்புறம் சந்துக்குள்ள தல நிமிந்து நடக்க முடியாது அம்முணி, ஆளாளுக்குக் கேலி பண்ணுவாங்க." சரி, நாலு மணி அக்கா என்றே இருக்கட்டும்.

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். இந்த மாதிரிக் குழந்தை பசித்தால் அழாது, அதுதான் முதல் பயம். தூக்கத்திலேயே சுருண்டு போகும், நாம்தான் மணி பார்த்து எழுப்ப வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலாடையில் பால். 30 மில்லி உள்ளே போக 40 நிமிஷம். தோளில் போட்டு ஏப்பம் வர வைக்க ஒரு கால் மணி. அடுத்த வேளைக்குப் பிழிந்து வைக்க 20 நிமிஷம், பாலாடையும் கிண்ணமும் கொதிக்க வைக்க 10. கணக்குப் போட்டுப் பாருங்கள், மிச்சம் 35 நிமிஷம். அதிலும் துணி மாற்ற வேண்டும், நான் சாப்பிட வேண்டும், குளியலறைக்குப் போக வேண்டும், போய்விட்டு ஓடி வந்து மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்க வேண்டும்.

மீதி நேரமெல்லாம் நெஞ்சோடு நெஞ்சாக வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள், கங்காரு மாதிரி, இடையில் துணி இல்லாமல். 1978-ல் கொலம்பியா நாட்டில், இன்குபேட்டர் பத்தாமல் போன ஒரு ஆஸ்பத்திரியில் ஆரம்பித்த பழக்கமாம். இப்போது ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே சொல்கிறதாம். "இதுக்கு எதுக்கு அத்தனை தூரம் போவோணும், எங்கம்மிச்சி மாராப்புக்குள்ள கட்டிக்கிட்டுத்தான் களை வெட்டுச்சு" என்றது எங்கம்மா. சாயங்காலம் முதல் ராத்திரி பன்னிரண்டு வரை இவர் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு வைத்துக்கொள்வார். பையன் அவர் நெஞ்சு முடியைக் கொத்தாகப் பிடித்து இழுப்பான், இவர் சத்தம் போடாமல் பல்லைக் கடிப்பார். காலையில் வேலைக்குப் போக வேண்டிய மனுஷன். பன்னிரண்டு மணிக்கு மேல் என் முறை.

வந்து பத்து நாள் இருக்கும். விடியக்காலம், நாலு மணி வேளை. சுவரில் சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே கண் அசந்துவிட்டேன். பாலாடை கீழே விழுந்த சத்தத்தில்தான் விழித்தேன். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, மடியில்தான் இருந்தான். பால் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த 30 மில்லியைப் பிழிய நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அதைப் பார்த்துச் சத்தமில்லாமல் அழுதேன். சத்தமில்லாமல்தான் அழுதேன் என்று நினைத்தேன். காற்றுக்காக மேல்கதவைத் திறந்து வைத்திருந்தோம், அந்த வழியாக ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"கதவத் தொற அம்முணி."

திறந்தேன். ஏன் என்று கேட்கிற தெம்புகூட இல்லை. வாசலில் இருந்த சோப்பை எடுத்து முழங்கை வரைக்கும் கையைக் கழுவினார். முந்தானையில் துடைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டு, கையை உதறிக் காயவிட்டார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். "நீ போய்ப் படு. நான் வெச்சிருக்கறேன்." நான் எப்படி நம்பிக் கொடுத்தேன் என்று இன்னும் தெரியவில்லை. எங்கம்மாவிடம் கொடுக்கவே ஆயிரம் சொல்லுவேன். ஆறு மணிக்கு அவரே எழுப்பினார். இரண்டு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கியிருந்தேன், குழந்தை பிறந்த பிறகு முதல் தடவையாக.

அவர் ஒன்றுமே கேட்கவில்லை என்பதை அன்றைக்கு மத்தியானம்தான் யோசித்தேன். பால் பத்துதா, ஏன் எலிக்குஞ்சாட்ட இருக்கு, வசம்பு உரசி வெச்சீங்களா, ஏன் அவசரப்பட்டுப் பொறந்துச்சு, நீ வேலைக்குப் போனதாலதானா என்று எதுவும் இல்லை. ஏழு மாசப் பிள்ளை தங்கும் எட்டு மாசப் பிள்ளை தங்காது என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் இருக்கிறார்கள். (டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். வயிற்றில் இருந்த ஒவ்வொரு வாரமும் லாபம்தானேம்மா, எட்டு எப்படி ஏழைவிட மோசமாகும் என்றார்.) கை கழுவிவிட்டு வரவும் என்று இவர் கதவில் ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு, சொந்தக்காரங்களுக்கே போர்டா என்று வாசலோடு திரும்பிப் போனவர்களும் உண்டு. அந்தத் தாளைக் கடைசி வரி வரைக்கும் மதித்தவர் இந்த அக்கா ஒருவர்தான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பேத்தியை விட்டுப் படித்துக் காட்டச் சொல்லியிருந்தாராம், நாங்கள் ஒட்டிய அன்றைக்கே.

மறுநாளும் நாலு மணிக்கு வந்தார். அதற்கு மறுநாளும். "எனக்கு எப்படியும் விடிஞ்சாத்தான் தூக்கம் வரும், சும்மா கட்டல்ல உருள்றதுக்கு இங்க வந்து உக்காந்துக்கறேன்" என்பார். பொய். வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுவதற்குள் தூங்கிவிடுகிற ஆள் என்று அவர் மருமகளே பின்னாடி சொன்னாள்.

எப்போது வந்தாலும் தலை ஈரமாக இருக்கும், ஒரு துண்டைச் சுற்றியிருப்பார். ராத்திரி வேலை முடிந்தால் குளிக்கிற பழக்கம்போல என்று விட்டுவிட்டேன். மார்கழி நடுவில் ஒருநாள் பையன் கொஞ்சம் முன்னாடியே சிணுங்க ஆரம்பித்தான், எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிர்ச் சந்தில் சிமெண்ட் தொட்டிக்குப் பக்கத்தில் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பனி கொட்டுகிறது. ஒவ்வொரு சொம்புக்கும் ஒரு "ஸ்ஸ்". அந்தத் தண்ணீரில் பகலிலேயே கை வைக்க முடியாது. ஏன்க்கா இப்படி என்று கேட்டேன். "ஒடம்பெல்லாம் பஞ்சு கண்ணு. மூக்குக்குள்ள போனா பையனுக்கு ஆவாதல்ல."

அப்போதும் அவர் காது மடலின் மேல் ஒரு துளி வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. நானே எடுத்துவிட்டேன். அதை அங்கேயே தொட்டி விளிம்பில் தடவிவிட்டு மறுபடி கையைக் கழுவினேன். அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொங்கலுக்குத் தறி மூன்று நாள் நின்றது. எங்கள் பையனுக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டு. ஆஸ்பத்திரியில் மிஷின் சத்தத்திலேயே வளர்ந்தவன், இங்கே வந்தால் தடக்குத் தடக்கு, அதுவும் நின்றுபோனதும் கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தான், பொட்டுத் தூக்கமில்லை. அக்காவுக்கு வேலை இல்லை, வர மாட்டார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நாலு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். தலை ஈரம். பஞ்சே படாத நாளில் எதுக்குக்கா குளிச்சீங்க என்றால், "பழகிப்போச்சு" என்கிறார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நாக்கைத் தட்டி வாயாலேயே டக்கு டக்கு என்று தறி ஓட்டினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, தூங்கிவிட்டான். எங்கம்மா போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன கூத்து" என்று திரும்பிப் படுத்துக்கொண்டது.

புடவை எடுத்துக் கொடுத்தேன், வாங்கவில்லை. பணத்தைப் பற்றி இவர் ஆரம்பித்தார், அக்கா முகம் போன போக்கைப் பார்த்து இவரே நிறுத்திவிட்டார். ஒரு வரக்காப்பி, அதுவும் கருப்பட்டி போட்டால் மட்டும் குடிப்பார். நேரில் நன்றி சொன்னால், "அடப் போ அம்முணி" என்று சந்தில் இறங்கிவிடுகிறார். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன், பேத்தி இதைப் போனில் படித்துக் காட்டும்போது தப்பிக்க முடியாதல்லவா.

எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கே எழுதிவிட்டால் மாற முடியாது என்பதால் எழுதுகிறேன். இனிமேல் பிள்ளை பெற்ற எந்த வீட்டுக்குப் போனாலும் கேள்வி கேட்க மாட்டேன். கையைக் கழுவுவேன், நீ படு என்பேன், முடிந்தால் பாத்திரம் கழுவுவேன். இந்தச் சந்திலேயே வைகாசியில் ஒரு பிரசவம் இருக்கிறது, அவளுக்கு இப்போதே சொல்லிவிட்டேன், நாலு மணி என் பொறுப்பு என்று. அவள் நம்பவில்லை. பார்க்கலாம்.

பையன் இப்போது தானாகவே பசிக்கு அழுகிறான். பாலாடையை விட்டு நேராகக் குடிக்கிறான். அக்காவை வர வேண்டாம், போய்த் தூங்குங்கள் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், "அவனக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்கிறார்.

மூன்றரை ஆகிவிட்டது. அடுப்பில் அண்டாவை வைக்க வேண்டும். மார்கழியிலிருந்து வெந்நீர் போட்டு வாசலில் வைத்துவிடுகிறேன், முதல் நாள் திட்டினார், இப்போது வந்ததும் சொம்பை உள்ளே விட்டுச் சூடு பார்க்கிறார். நேற்று கொஞ்சம் ஆறிப்போயிருந்ததாம்.