கோத்தகிரியிலிருந்து ஒரு சுற்றுப் புத்தகம்

கோத்தகிரி
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஐப்பசி மழை இன்னும் விட்டபாடில்லை. மூன்று நாளாகத் துணி காயவில்லை என்று அம்மா அடுப்படியில் கொடி கட்டியிருக்கிறாள்.

போன வாரம் போனில் கேட்டாய்: "இந்த மழையில் ஐந்து பேருக்காக எதற்கப்பா சங்கக் கூட்டம்? ஸ்டாம்பெல்லாம் இப்போது போனிலேயே பார்க்கலாமே. ஆல்பங்களையும் நல்ல விலைக்குக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்." அக்கறையில்தான் சொன்னாய். போனில் எனக்குச் சட்டென்று பதில் வராது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று கூட்டம் நடந்தது. ஐந்து பேர்தான். நான், ஓய்வு பெற்ற தபால்காரர், கடைவீதித் தையல்காரர், கல்லூரிப் பையன் ஒருவன், எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். அந்தப் பெண் பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு சிகரெட் டப்பா நிறைய ஸ்டாம்பு கொண்டு வந்திருந்தாள். எல்லாம் இந்திய வரைபடம் போட்ட நயா பைசா ஸ்டாம்புகள். 1957 ஏப்ரலில் அணாக் கணக்கு போய் நயா பைசா வந்தபோது வெளியிட்டவை. "தாத்தா, இந்தப் பச்சை 5 நயா பைசாவே பன்னிரண்டு இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டாள்.

தபால்காரர் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து கறுப்புத் தட்டை எடுத்தார். இடுக்கியால் ஒரு ஸ்டாம்பைப் பிடித்து முகம் கீழே இருக்கும்படி வைத்து, லைட்டருக்கு ஊற்றும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டார். தாள் நனைந்து கறுத்தது. அதற்குள்ளிருந்து நட்சத்திரங்கள் வரிசையாக எழும்பின. அடுத்ததை வைத்தார். அதிலும் நட்சத்திரம். மூன்றாவதை வைத்தபோது நட்சத்திரம் இல்லை. அசோகர் தூணின் சிங்கங்கள் தெரிந்தன. தாள் செய்யும்போதே அதில் பதிகிற நீர்க்குறி அது. 1957இல் நட்சத்திரக் குறியுள்ள தாளில் அச்சிட்டார்கள். 1958 முதல் சிங்கக் குறியுள்ள தாளுக்கு மாறினார்கள். முகத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். திரவம் அரை நிமிடத்தில் ஆவியாகிவிட்டது, குறியும் மறைந்தது. அந்தப் பெண் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பன்னிரண்டையும் அவளே ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்துப் பிரித்தாள். டீ ஆறிப்போனது.

போனில் படம் பார்த்தால் இது தெரியாது, அம்மா. ஸ்டாம்பின் முதுகைப் படத்தில் பார்க்க முடியாது. அதைவிட, முதுகைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே தனியாக இருப்பவனுக்கு வராது. பக்கத்தில் ஒருவர் தட்டை எடுத்து வைக்க வேண்டும். சங்கம் எதற்கு என்று நீ கேட்டாயே, அதற்குத்தான்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை சொல்லப்போகிறேன். உன் ஆபீஸ் லண்டனில் பேங்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் என்று சொல்லியிருக்கிறாய். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் கார்ன்ஹில் தெருவுக்குப் போ. அங்கிருந்து லொம்பார்ட் தெருவுக்கு இறங்கும் ஒரு சந்து உண்டு, பர்ச்சின் லேன். 1840இல் உலகின் முதல் ஸ்டாம்பான பென்னி பிளாக் வந்து இருபது ஆண்டுகள் ஆனபின், 1860களின் தொடக்கத்தில், மாலையானால் அந்தச் சந்தில் கூட்டம் கூடும். குமாஸ்தாக்களும் பையன்களும் பெரியவர்களும் ஆல்பத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மாற்றிக்கொள்வார்கள். போலீஸ் வந்து கலைந்து போகச் சொல்லும். பாரிஸிலும் இதே கதைதான். அங்கே துயிலரி பூங்காவில் கூடினார்கள், அங்கும் போலீஸ் விரட்டியது. சங்கம் என்ற பெயரோ கட்டடமோ விதியோ வருவதற்கு முன்னால் தெருவில் நின்ற கூட்டம் அது. இந்த வேலைக்கு 'பிலாட்டலி' என்று ஒரு பெயரே 1864இல்தான் கிடைத்தது. ஜார்ஜ் எர்பின் என்ற பிரெஞ்சுக்காரர் கிரேக்கச் சொற்களைக் கோத்து வைத்த பெயர்.

அப்போது லண்டனில் ஸ்டெயின்ஃபோர்த் என்று ஒரு பாதிரியார் இருந்தார். மார்க் லேன் பக்கம் அவருடைய சபை. சனிக்கிழமைகளில் தன் வீட்டு அறையைத் திறந்து விடுவார். தெருவில் விரட்டப்பட்ட ஆர்வம் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. அந்த அறைக்கு வந்து போனவர்களில் ஒருவர் சர் டேனியல் கூப்பர். 1869 ஏப்ரல் 10 அன்று லண்டன் பிலாட்டலிக் சொசைட்டி தொடங்கியபோது அவர்தான் முதல் தலைவர். 1906இல் அதற்கு 'ராயல்' பட்டம் கிடைத்தது. பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் அதன் தலைவராக இருந்தார். 1904இல் மொரிஷியஸின் இரண்டு பென்ஸ் ஸ்டாம்பு ஒன்றுக்கு 1,450 பவுண்டு கொடுத்தார். புத்தகங்களில் அவர் கதைதான் பெரிதாக இருக்கும். எனக்கு அந்தப் பாதிரியாரின் சனிக்கிழமைதான் பெரிது. அறையைத் திறந்து வைத்தவர் அவர்.

பர்ச்சின் லேனிலிருந்து கிங் வில்லியம் தெருவைத் தாண்டினால் ஆப்சர்ச் லேன். ராயல் பிலாட்டலிக் சொசைட்டி 2019 முதல் அங்கேதான் இருக்கிறது. விரட்டப்பட்ட சந்துக்கும் இன்றைய கட்டடத்துக்கும் நடை தூரம் பத்து நிமிடம் கூட இராது. நூற்றைம்பது ஆண்டுகள் சுற்றி அந்தப் பக்கத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். நீ நடந்து பார்த்துவிட்டுச் சொல்.

நம் நாட்டில் 1897இல் கல்கத்தாவில் இந்தியப் பிலாட்டலிக் சொசைட்டி தொடங்கியது. பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகள். சென்னையில் தென்னிந்திய பிலாட்டலிஸ்ட் சங்கம் 1956இல். நம் மலைக்கு இது வந்தது சங்கத்தின் வழியாக அல்ல, கடிதத்தின் வழியாக. 1870 முதல் மதராஸ் அரசாங்கம் கோடை தோறும் ஊட்டிக்கு ஏறி வந்தது. கோப்புகளோடு தபாலும் ஏறியது. வெலிங்டனில் பட்டாளம், சுற்றிலும் தோட்டத் துரைகள். ஊர் ஊராக எழுதினார்கள், ஊர் ஊரிலிருந்து வந்தது. 'ஊட்டகமண்ட்' என்று வெட்டிய பழைய முத்திரை விழுந்த உறைகளை இன்றும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் கதைக்கு வருகிறேன். உனக்குப் பாதி தெரியும். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு தாத்தாவும் பாட்டியும் எங்களைக் கூட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறியபோது எனக்குப் பத்து வயது. 1973. மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. பள்ளியில் என்னைச் 'சிலோன்காரன்' என்றுதான் கூப்பிட்டார்கள். யாரும் பக்கத்தில் உட்கார வைக்கவில்லை. அட்டனில் தங்கிவிட்ட அத்தை மாதம் ஒரு கடிதம் போடுவார். அந்த உறையை ஒருநாள் எங்கள் சமூக அறிவியல் வாத்தியார் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை இதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வா" என்றார்.

அவர் வீட்டு முன்னறையில் ஏழு பையன்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். என்னிடம் இருந்த ஸ்டாம்பு அவர்கள் யாரிடமும் இல்லை. வாத்தியார் என் பழைய உறை ஒன்றையும் புதிய உறை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "என்ன மாறியிருக்கிறது?" என்று கேட்டார். பழையதில் ஆங்கிலத்தில் சிலோன். 1972க்குப் பிறகு வந்ததில் ஸ்ரீலங்கா. ஒரு பையன் கத்தினான்: "சார், தமிழில் மாறவே இல்லை!" ஆமாம். இரண்டிலும் தமிழில் 'இலங்கை' என்றே இருந்தது. அத்தனை நாள் அந்த ஸ்டாம்புகளை வைத்திருந்த நான் அதைக் கவனித்ததில்லை. அன்று அந்தப் பையன் நகர்ந்து பாயில் எனக்கு இடம் கொடுத்தான். அவன்தான் இன்று கறுப்புத் தட்டு கொண்டு வந்த தபால்காரர்.

வாத்தியாரிடம் ஓர் உறை இருந்தது. வருடத்துக்கு ஒருமுறைதான் வெளியே எடுப்பார். போயர் போரில் பிடிபட்ட தென்னாப்பிரிக்கர்களைப் பிரிட்டிஷார் கப்பலேற்றி இந்தியாவின் பல முகாம்களில் அடைத்தார்கள். நம் கேத்தியிலும் வெலிங்டனிலும் அப்படி முகாம்கள் இருந்தன. கேத்தி முகாமிலிருந்து ஒரு கைதி ஊருக்கு எழுதிய கடிதத்தின் உறை அது. ஓரத்தில் தணிக்கை முத்திரை. நீ பஸ்ஸில் தினமும் தாண்டிப் போன அதே கேத்திதான். ஸ்டாம்பைத் தொட விடமாட்டார். முத்திரையை மட்டும் பூதக்கண்ணாடியில் காட்டுவார். "இதை எழுதியவன் ஊர் போய்ச் சேர்ந்தானா சார்?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவன் கேட்பான்.

வாத்தியார் காலமானபோது நான் ஈரோட்டில் வேலையில் இருந்தேன். செய்தி தெரிந்து வருவதற்குள், வீட்டைக் காலி செய்ய வேண்டுமென்று பிள்ளைகள் ஆல்பங்களை மொத்தமாக ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு யாரும் தட்டு வைத்துக் காட்டியதில்லை. வியாபாரி விலை போகும் ஸ்டாம்புகளைப் பிரித்து விற்றார். அந்த உறை எங்கே போனது என்று பதினைந்து வருடம் விசாரித்துப் பார்த்தேன். அது இன்று யார் கையிலாவது இருக்கலாம். ஆனால் கேத்தியை நேரில் தெரிந்த ஏழு பையன்கள் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தது திரும்ப வராது. அதனால்தான் விற்கமாட்டேன் என்கிறேன். பணம் எனக்கு வேண்டாதது அல்ல. என் ஆல்பங்கள் போனால் இந்த ஐந்து பேரிடம் போகட்டும், அல்லது இவர்கள் சேர்க்கும் ஆறாவது ஆளிடம்.

ஈரத்தைப் பற்றிக் கவலைப்பட்டாயே, அதற்கும் சொல்கிறேன். மலையில் ஸ்டாம்பு சேர்ப்பவனுக்குக் கள்வன் ஈரம்தான். முன்பு ஆல்பங்களைப் படுக்க வைத்து அடுக்கியிருந்தேன். ஒரு மழைக்காலத்தில் பின்பசை இளகிப் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டது. சிலவற்றில் பழுப்புப் புள்ளியும் விழுந்தது. 1948இல் வந்த காந்தி ஸ்டாம்பு, சுவிட்சர்லாந்தில் அச்சிட்டது, 'பாபு' என்று இந்தியிலும் உருதுவிலும் போட்டது, அதில் ஒன்றரை அணா எனக்கு ஒன்றுதான் இருந்தது. பிய்க்கப் போனேன். தையல்காரர் கையைப் பிடித்துத் தடுத்து, தாளோடு தண்ணீரில் மிதக்க விட்டார். பசை போனது, ஸ்டாம்பு பிழைத்தது. இப்போது எல்லாம் நிமிர்ந்துதான் நிற்கின்றன, இடைத்தாளோடு. வெயில் அடிக்கும் நாளில் பக்கங்களைப் புரட்டிக் காற்றுக் காட்டுகிறேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னொன்று. தபால் துறை 2017 முதல் ஸ்பர்ஷ் என்று ஓர் உதவித்தொகை கொடுக்கிறது. ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை, வருடத்துக்கு 6,000 ரூபாய். பள்ளியின் ஸ்டாம்பு மன்றத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும், இல்லையென்றால் புது ஸ்டாம்பு வாங்கத் தபால் துறையில் முன்பணம் கட்டும் பிலாட்டலிக் கணக்கு சொந்தமாக வேண்டும். அவள் பள்ளியில் மன்றம் இல்லை. 200 ரூபாய் கட்டி அவள் பெயரில் கணக்குத் திறக்க அவள் அப்பாவோடு நானும் போகிறேன். உதவித்தொகைக்கான வினாடி வினாவுக்குக் கல்லூரிப் பையன் சொல்லிக் கொடுக்கிறான்.

இந்த உறைக்குள் ஒரு சிறு புத்தகம் வைத்திருக்கிறேன். நாங்கள் சுற்றுப் புத்தகம் என்போம். பெரிய சங்கங்கள் தூரத்து உறுப்பினர்களுக்காக நடத்திய அதே ஏற்பாடு. பக்கத்துக்கு ஆறு கட்டம், கட்டத்துக்கு ஒரு ஸ்டாம்பு, கீழே விலை. வேண்டியதை எடுத்துக்கொண்டு, காலியான கட்டத்தில் உடனே உன் கையெழுத்தைச் சுருக்கிப் போட வேண்டும். இது முக்கியம். வெறுமனே விட்டால், நல்லதை எடுத்துக் கிழிந்ததை வைத்தது யார் என்று தெரியாமல் போய்விடும். ஒருமுறை அப்படி ஆகி, இரண்டு பழைய சிநேகிதர்கள் ஒரு வருடம் பேசாமல் இருந்தார்கள். எடுத்ததற்குப் பணம் கொடு, ரூபாய்க்குப் பத்துப் பைசா சங்கத்துக்கு.

மூன்றாம் பக்கத்தில் இன்று பிரித்த பச்சை 5 நயா பைசா இரண்டு இருக்கின்றன. அந்தப் பெண் லண்டனுக்கு என்று கொடுத்தாள், விலை போடவில்லை. எது நட்சத்திரம், எது சிங்கம் என்று எழுதவில்லை. பேரனுக்கு ஒரு கறுப்புத் தட்டு வாங்கிக் கொடுத்து, திரவத்தை மட்டும் நீயே விடு. அடுப்புப் பக்கம் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வை. அவன் கண்டுபிடித்ததை அந்தக் கட்டத்தின் கீழே அவன் கையாலேயே தமிழில் எழுதச் சொல். கார்த்திகை இரண்டாம் ஞாயிறு கூட்டத்துக்கு முன் புத்தகம் எனக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். அடுத்த முறை தையல்காரருக்கு.

அனுப்பும்போது மெஷின் சீட்டு ஒட்டி அனுப்பாதே. கவுண்டரில் கேட்டு ஸ்டாம்பு வாங்கி ஒட்டு.

அன்புடன்,
அப்பா