உரிமையாளரின் பெயர் எந்த வரியில் வர வேண்டும்?

வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் கருத்துப் பக்க ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தனிமனித சுதந்திரத்தையும் தடையற்ற சந்தையையும் ஆதரித்தே உங்கள் பக்கங்கள் இனி தினமும் எழுதும், எதிர்க்கருத்துகளை மற்றவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று 2025 பிப்ரவரி 26 அன்று அமேசான் நிறுவனரும் உங்கள் உரிமையாளருமான ஜெஃப் பெசோஸ் அறிவித்தார். அப்போதைய ஆசிரியர் டேவிட் ஷிப்லி விலகினார். பத்திரிகைக்குக் கொள்கை இருப்பதில் எங்களுக்கு ஆட்சேபமில்லை. ரீசன் இதழ் 1968 முதல் லிபர்டேரியன், அதாவது தனிமனித சுதந்திரமே பெரிது, அரசின் தலையீடு குறைய வேண்டும் என்ற கொள்கைக்காரர் என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறது.

ஆனால் அந்தக் கொள்கை அரசின் கையைத்தான் கட்டுகிறது. ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. விமர்சிக்கப்பட்ட வேட்பாளரின் பதிலைப் பத்திரிகை இலவசமாக வெளியிட வேண்டும் என்ற ஃபுளோரிடா சட்டத்தை, 1974-ல் மயாமி ஹெரால்டு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. சரியான தீர்ப்புதான். பொறுப்புள்ள பத்திரிகை வேண்டியதே, அதைச் சட்டம் போட்டு வரவழைக்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. உங்கள் தரப்பில் பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அப்படி நிறுத்தினால் என்ன ஆகும்? 2016-ல் நேஷனல் என்குவைரர் இதழை வெளியிட்ட அமெரிக்கன் மீடியா நிறுவனம் 1,50,000 டாலர் கொடுத்து, டிரம்ப்போடு தனக்கு உறவு இருந்ததாகச் சொன்ன ஒரு பெண்ணின் கதைக்கு உரிமை வாங்கியது, வெளியிட அல்ல, டிரம்ப்பின் தேர்தல் வாய்ப்பு கெடாமல் அமுக்கிவைக்க. 2018-ல் அரசு வழக்கறிஞர்களிடம் அதை ஒப்புக்கொண்டது. இரு தரப்பும் சம்மதித்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தம். சந்தைக் கணக்கில் குறையே இல்லை. காசு கொடுத்து இதழ் வாங்கிய வாசகரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

உங்கள் மேசைக்கு வருவோம். நலன் முரணை, அதாவது எழுதும் விஷயத்தில் பத்திரிகைக்கே சொந்த லாபம் இருப்பதை, தவிர்க்க முடியாதபோது வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழில்முறைப் பத்திரிகையாளர் சங்கத்தின் நெறிமுறை. அதற்குச் சட்ட பலம் கிடையாது. லிபர்டேரியனுக்கு அது வசதியாகத்தானே இருக்க வேண்டும்?

தலையங்கத்தின் பொருளில் உரிமையாளருக்குப் பங்கு இருக்கிறதா என்று அதை எழுதியவரே சரிபார்க்கக் கூடாது, எழுதாத இன்னொருவர் பார்க்க வேண்டும். அமேசான், பெசோஸின் விண்வெளி நிறுவனமான புளூ ஆரிஜின் என்று பெயரைத் தேடிப் பார்ப்பது போதாது; பிழை நுழைவதே அந்த வழியில்தான். ஓட்டுநரில்லா டாக்சிக்கு அனுமதி கேட்கும் தலையங்கத்தில் அமேசான் என்ற சொல்லே வராது. ஆனால் அந்தத் தொழிலில் உள்ள ஜூக்ஸ் நிறுவனத்தை 2020-ல் அமேசான் வாங்கிவிட்டது. ஆகவே பட்டியலைத் தொழில்வாரியாகப் போடுங்கள்: விண்வெளி, கிளவுட் சேவை, மளிகை, மருந்து விற்பனை, ரோபோ டாக்சி. உரிமையாளர் புதிதாக எதையாவது வாங்கும் அன்றே அதுவும் பட்டியலில் ஏற வேண்டும்.

அறிவிப்பு வரியைக் கட்டுரையின் அடியில் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்பவர் அடிவரை போவதில்லை. அந்தத் தொழிலின் பேச்சு முதலில் வரும் பத்தியிலேயே, "இந்தப் பத்திரிகையின் உரிமையாளருக்கு இதில் பங்கு உண்டு" என்று போடுங்கள். வெளியான பிறகு சேர்த்தால், எத்தனை மணிக்குச் சேர்த்தீர்கள், ஏன் முதலில் விட்டுப்போனது என்ற குறிப்பும் கூடவே வேண்டும். சத்தமில்லாமல் சேர்த்தால், முதல் ஒரு மணி நேரத்தில் படித்தவருக்கு அது தெரியவே வராது.

இப்படிக்கு,
பத்திரிகை நெறிமுறை கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்