பக்கத்து வீட்டுக் குழந்தை

அன்புள்ள மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் நீண்ட மின்னஞ்சலையும், அதனுடன் நீ இணைத்திருந்த மரபணுப் பரிசோதனை அறிக்கையையும் நான்கு நாள்களாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். "இந்த விழுக்காடுகளில் நான் எது அப்பா? நாம் யார்?" என்று கேட்டிருந்தாய். அதற்குக் கீழே, உறவினர் பட்டியலில் முதலாவதாக வந்திருக்கும் முன்பின் அறியாத ஒரு பெண்ணைப் பற்றியும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன். இரண்டாவதற்கான பதிலை நான் ஐம்பது ஆண்டுகளாக அறிவேன்.

விழுக்காடுகளை அதிகம் மனத்தில் ஏற்றிக்கொள்ளாதே. ஒரு நிறுவனம் தன்னிடம் உள்ள, இக்காலத்து மனிதர்களின் மாதிரிகளோடு உன் மரபணுவை ஒப்பிட்டு, எந்த வட்டாரத்து மக்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணித்துத் தந்த மதிப்பீடுதான் அது. அந்த மாதிரிகளின் தொகுப்பு பெருகும்போது எண்களும் மாறும். உன் தம்பி பரிசோதனை செய்துகொண்டால் அவனுக்கு வேறு எண்கள் வரும். தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என்று இருவருக்கும் வந்தாலும், உனக்கு வந்த அதே பாதி அவனுக்கும் வருவதில்லை. பத்துத் தலைமுறை பின்னோக்கிப் போனால், ஒருவரே இரு கிளைகளில் வராத வரையில், உனக்கு அந்தத் தலைமுறையில் மட்டும் 1024 மூதாதையர். அவர்களில் பலருடைய மரபணுத் துணுக்கு ஒன்றுகூட இன்று உன்னிடம் எஞ்சியிராது. தாய்வழியைக் காட்டுவதாகச் சொல்லப்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணு, அந்த 1024 பேரில் ஒரே ஒரு பெண்ணைத்தான் சுட்டும். மற்றவர்களெல்லாம் உன்னுடையவர்கள் இல்லை என்றாகிவிடுமா?

ஆனால் நெருங்கிய உறவினர்களைக் காட்டும் பட்டியல் அப்படிப்பட்டதன்று. பரிசோதனையின் வலுவான பகுதி அதுதான். அந்தப் பெண்ணும் நீயும் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மரபணுவைப் பகிர்ந்துகொள்வதாக அறிக்கை சொல்கிறது. அந்த அளவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறவுமுறைகள் பொருந்தும் என்பதால், அவர் உனக்கு என்ன முறை என்பதை எண் சொல்லாது. தெரிந்தவர் யாராவதுதான் சொல்ல வேண்டும். அவர் உன் அத்தையின் மகளாக இருக்க வேண்டும் என்று நான் ஏறக்குறைய உறுதியாக நம்புகிறேன். எனக்கு ஓர் அக்கா உண்டு. உன் தாத்தாவின் மூத்த தாரத்து மகள்.

உனக்கு ஆறு வயதிருக்கும்போது நம் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள், தாத்தா இளைஞராக நாற்காலியில் அமர்ந்திருக்கும் படத்தில், அவர் மடியிலிருந்த குழந்தையைக் காட்டி, "இந்தப் பாப்பா யார்?" என்று கேட்டாய். பக்கத்து வீட்டுக் குழந்தை என்றேன். என் அம்மா எனக்குச் சொன்ன பதிலை, அது பொய் என்று தெரிந்த பிறகும், ஓர் எழுத்து மாறாமல் உனக்குச் சொன்னேன்.

அந்தப் படத்தை இப்போது மேசைமேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். குழந்தைக்கு இரண்டு வயது இருக்கலாம். தாத்தாவின் சட்டையின் இரண்டாவது பித்தானை இடக்கையால் பற்றியிருக்கிறது. படத்தின் பின்புறத்தில் தாத்தாவின் கையெழுத்தில் பென்சிலால் எழுதிய இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியில் அவர் பெயர். இரண்டாவது வரியை யாரோ அழித்திருந்தார்கள். ஆனால் சன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் பென்சில் பதிந்த தடம் தெரியும். பத்தொன்பது வயதில் பெரியம்மா ஒருவர் மூலம் உண்மையை அறிந்த அன்று இரவு, அந்தத் தடத்தின் மேலேயே பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதிப் பார்த்தேன். ஒரு பெண் பெயர் வந்தது. படத்தைத் திருப்பினால், நான் அழுத்திய கோடுகள் தாத்தாவின் தோளின் குறுக்கே புடைத்துக்கொண்டு நிற்கின்றன. பழைய படங்களின் பின்புறத்தில் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும் என்பதை மிகவும் பிற்காலத்தில்தான் அறிந்துகொண்டேன்.

மறுநாள் அப்பாவிடம் கேட்டேன். "நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் உயிரோடிருந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முதல் திருமணம் ஏன் முறிந்தது என்பதற்கு நம் வீட்டில் ஒரு கதை உண்டு. அதை உனக்குச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் மறுதரப்பை நான் கேட்டதே இல்லை.

இவ்வளவும் அவருடைய தவறு என்று நீ எண்ணிவிடக் கூடாது. அவர் இறந்தபோது அக்காவுக்குச் சொல்லி அனுப்பலாமா என்று அந்தப் பெரியம்மா என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். சில வாரங்கள் கழித்து, வாரிசு விண்ணப்பத்தில் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற இடத்தில் "இருவர்" என்று எழுதி, கீழே கையெழுத்திட்டேன். உன் சித்தப்பாவுக்கு அப்போது எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். சொத்து பெரிதாக எதுவும் இல்லை என்பது இதைச் சிறிதும் இலேசாக்கவில்லை. ஒரு மனிதரை அவருடைய குடும்பத்திலிருந்து எழுத்துமூலமாக நீக்கியவன் நான்.

நம் குடும்பத்தைப் பற்றி உனக்கும் தம்பிக்கும் நாங்கள் சொல்லி வளர்த்த கதையெல்லாம் ஏறுமுகக் கதை: தாத்தா வெறுங்கையோடு வந்தார், உழைத்தார், எங்களைப் படிக்க வைத்தார், நாங்கள் உங்களைப் படிக்க வைத்தோம். அது உண்மைதான். ஆனால் எமரி பல்கலைக்கழகத்து உளவியலாளர்களான மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபைவுஷும், குடும்ப வரலாற்றைப் பற்றிய இருபது கேள்விகளைக் கொண்டு பிள்ளைகளை ஆராய்ந்தபோது, தம் குடும்பத்தின் கதைகளை நன்கு அறிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தம் வாழ்க்கை தம் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருக்கக் கண்டார்கள். கதைகளிலும் ஏறுமுகமாக மட்டும் சொல்லப்படுபவற்றைவிட, ஏற்றத்தையும் இறக்கத்தையும் சேர்த்துச் சொல்பவையே பிள்ளைகளுக்கு உரமளிக்கின்றன என்பது டியூக்கின் கருத்து. இதைப் படித்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, ஆறு வயதில் நீ நீட்டிய அந்த விரல்தான்.

1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, இயன்றவரை தன் பெற்றோரை அறியும் உரிமையையும், பெயரும் குடும்ப உறவுகளும் உள்ளிட்ட தன் அடையாளத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையையும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியவை என்கிறது. அக்கா குழந்தையாக இருந்த காலத்தில் அப்படி ஓர் ஏடே இல்லை. ஆனால் அந்த உரிமையை அவருக்கு மறுத்த வீட்டில் நானும் இருந்தேன்.

நீ செய்யக் கூடியது இரண்டு. முதலாவது, உன் சின்னத்தாத்தாவைப் பற்றியது. எண்பத்தெட்டு வயதாகிறது, அந்தக் காலத்தை நேரில் கண்டவர்களில் எஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே. உன்னிடம் அவர் பேசுவார், என்னிடம் தயங்குவார். அவருடைய அனுமதி பெற்றுக் கைப்பேசியில் பதிவு செய்துகொள். "குடும்ப வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எல்லாரும் ஒரே பாடத்தைத்தான் ஒப்பிப்பார்கள். வீட்டு வாசல் எந்தத் திசை பார்த்திருந்தது, யார் எந்த அறையில் படுத்தார்கள், யார் யாரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தவர் யார் என்று கேள். அவர் பேச்சை நிறுத்தினால் அடுத்த கேள்விக்கு விரையாமல் சற்றுக் காத்திரு; பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பின்னால்தான் சொல்ல வேண்டியது வரும். ஆண்டுகளை அவர் தவறாகச் சொன்னால் திருத்தாதே. தாத்தாவின் பெயரே மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கிறது. பிறந்த நாளோ பள்ளியில் சேர்க்கும்போது தோராயமாகக் குறித்தது. தாள்களை நான் தேடித் தருகிறேன்.

இரண்டாவது, அந்தப் பெண்ணைப் பற்றியது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் கொட்டிவிடாதே. தன் தாத்தா யார் என்பதை அவர் அறியாதவராக இருக்கலாம். அறிந்தும் நம்மோடு எந்தத் தொடர்பும் வேண்டாம் என்று இருப்பவராகவும் இருக்கலாம். நாம் ஆறுதல் தேடிக்கொள்வதற்காக அவர்கள் வீட்டு அமைதியைக் கலைக்க நமக்கு உரிமை இல்லை. நீ யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லி, பேச விருப்பமா என்று மட்டும் கேள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதாதே.

பதில் வந்தால், அவருடைய அம்மா நலமாக இருக்கிறாரா என்று விசாரி. அந்தப் படம் அவர்களுக்கு வேண்டுமா என்றும் கேள். பிரதியை இங்கே வைத்துக்கொண்டு மூலத்தையே அனுப்பிவிடுகிறேன். நான் செய்தது இன்னதென்று ஒன்றையும் மறைக்காமல் ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். அவர் வாங்கிப் படிக்கச் சம்மதித்தால் மட்டுமே அனுப்புவேன். கடிதம் முழுவதும் எழுதி முடித்த பிறகும் அதன் முதல் வரி வெற்றிடமாகவே இருக்கிறது. "அக்கா" என்று தொடங்கலாமா என்று அவரிடமே கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா