"காலை 8 – மாலை 5" என்று அச்சிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மத்தியதரைக் கடலில் சொகுசுக் கப்பல் பயணங்களை நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற செப்டம்பரில் தாயார், மனைவி, இரு பிள்ளைகளுடன் உங்களுள் ஒருவரின் கப்பலில் ஏழு நாள் பயணம் செய்தேன். அட்டவணையில் கிரேக்கத் தீவான சான்டோரினிக்கு நேரே "காலை 8 – மாலை 5" என்று அச்சிட்டிருந்தது. அந்த ஒரு வரியை நம்பியே இப்பயணத்தைத் தேர்ந்தோம். அந்த வரியைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

சான்டோரினியில் பெரிய கப்பல்கள் கரையணைவதில்லை. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாய்க்குள் கடல் புகுந்த இடம் அது. நீர் மிக ஆழம், எதிரே செங்குத்தான பாறைச்சுவர். ஆகவே சிறு படகுகளில் ஏற்றிப் பழைய துறைமுகத்தில் இறக்குகிறீர்கள். அங்கிருந்து 200 மீட்டருக்கும் மேலே உள்ள ஃபிரா நகரை அடையக் கேபிள் கார், ஏறத்தாழ 600 படிகள், அதே படிகளில் ஏறும் கழுதைகள் என மூன்றே வழிகள். கழுதையின் முதுகில் 100 கிலோவுக்கு மேல் ஏற்றலாகாது என்று 2018இல் கிரேக்க அரசு விதித்ததைப் படித்திருந்த என் மகள், அந்தப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

காலை 8 மணிக்குக் கப்பல் வந்து நின்றது உண்மைதான். எங்கள் படகுச் சீட்டின் எண்ணை அழைத்தபோது மணி பத்தேகால். கேபிள் கார் ஒரு தடவைக்கு 36 பேரையே ஏற்றும். அன்று நின்றவையோ மூன்று கப்பல்கள். முழங்கால் வலியுள்ள 71 வயது அம்மா அந்த வரிசையில் ஒரு மணி பத்து நிமிடம் நின்றார். மேலே சென்றபோது பதினொன்றே முக்கால். இறங்குவதற்கு இரண்டு மணிக்கே வரிசைக்கு வந்துவிடுங்கள் என்று உங்கள் ஊழியர் எச்சரித்திருந்தார். ஆக, ஒன்பது மணி நேரத்தில் எங்கள் கைக்கு வந்தது இரண்டேகால் மணி நேரம்.

எரிமலைச் சாம்பலில் புதைந்து, 1967 முதல் அகழப்பட்டு வரும் அக்ரோத்திரி ஊரைக் காட்டுவதாகப் பிள்ளைகளுக்கு வாக்களித்திருந்தேன், அதைக் கைவிட்டோம். அங்கிருந்து எடுத்துவந்த நீலக் குரங்குச் சுவரோவியத்தை மட்டும் ஃபிரா அருங்காட்சியகத்தில் பார்த்தோம். அவை இந்தியத் துணைக்கண்டத்துச் சாம்பல் மந்திகளை ஒத்தவை என ஆய்வாளர் சிலர் கருதுவதைச் சொன்னதும், "இவ்வளவு தூரம் வந்து நம்ம ஊர்க் குரங்கையா பார்த்தோம்?" என்று அம்மா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போது மட்டுந்தான்.

கூடுதல் பணம் கட்டி உங்களிடமே சுற்றுலா வாங்கியவர்களை முதல் படகுகளில் அதினியோஸ் துறைமுகத்துக்கு அனுப்பினீர்கள். அங்கே பேருந்து காத்திருக்கிறது. படியும் இல்லை, கேபிள் காரும் இல்லை. அது வணிகம், குறை சொல்லவில்லை. முதியோருக்கு அப்படியொரு வழி உண்டு என்று முன்பதிவின்போதே சொல்லியிருந்தால் நானும் கட்டியிருப்பேன்.

நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்ற வரம்பு அத்தீவில் பேசப்படுகிறது. வரிசையில் நிற்பவருக்கு நாள் கணக்கால் பயனில்லை. ஒரே காலையில் மூன்று கப்பல்கள் வந்தால் நெரிசல் நெரிசல்தான். வருகை நேரங்களை உங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். அதுவரை, கப்பல் நிற்கும் நேரத்துக்குப் பக்கத்திலேயே, பயணி மேலே நகரில் கழிக்கக்கூடிய நேரத்தையும் அச்சிடுங்கள். இரண்டேகால் மணி நேரம் என்று போட்டிருந்தாலும் ஒருவேளை நாங்கள் வந்திருப்போம். அம்மாவைக் கப்பலிலேயே இருக்கச் சொல்லியிருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் பயணிகளுள் ஒருவன்