சங்கத் தலைவருக்கும் செயலாளருக்கும்: அந்த லிஸ்ட்டை நிறுத்துங்க

தலைவர் அண்ணனுக்கும் செயலாளர் அண்ணனுக்கும், நிர்வாகக் குழுவுல இருக்கற எல்லாருக்கும் வணக்கமுங்க.

மாசம் பொறந்தா 5ஆம் தேதிக்குள்ள நம்ம சங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு லிஸ்ட் வந்துருது, எந்த யூனிட் எத்தனை பீஸ் தெச்சுக் குடுத்துச்சு, யாரு எத்தனாவது இடம்னு. போட்டி இருந்தாத்தான் நாலு பேரு முன்னுக்கு வருவாங்கன்னு கூட்டத்துல சொன்னீங்க, அன்னைக்கு நானும்தான் கை தட்டுனேன். இப்ப அதை நிறுத்துங்கன்னு கேக்கத்தான் இதை எழுதறேனுங்க.

2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்காக்காரன் நம்ம நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதுல நான் தெச்சுக் குடுக்கற எக்ஸ்போர்ட் பார்ட்டிக்கு பாதி ஆர்டர் நின்னு போச்சு. திருப்பூர்ல இது யாருக்குத் தெரியாது. உள்நாட்டுக்குத் தெக்கறவங்களுக்கும் ஐரோப்பா ஆர்டர் வெச்சிருக்கறவங்களுக்கும் அந்த அடி அவ்வளவா விழல, நல்லா இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் பொறாமை இல்ல. ஆனா லிஸ்ட்ல காரணம் எதுவும் போடறதில்லைங்களே, 9ல இருந்த என் பேரு 41ல நின்னுச்சு, அவ்வளவுதான். அதுலயும் பீஸ் கணக்கு. ஜிப்பு வெச்ச ஹூடி தெக்கறவனையும் ரவுண்ட் நெக் பனியன் தெக்கறவனையும் ஒரே கணக்குல நிறுத்தலாமான்னு தையல் தெரிஞ்ச யாராச்சும் ஒருத்தர் கேட்டிருக்க வேண்டாமா?

அடுத்த நாள் நூல் கோன் வாங்கப் போனேன். 11 வருசமா அந்தக் கடையில எனக்கு பற்று நோட்டு ஓடுது, ஒரு தடவை கூட கணக்கு நின்னதில்ல. கடைக்கார அண்ணன் நோட்டை எடுக்கவே இல்லைங்க, கல்லாவுக்குப் பக்கத்துல போனை வெச்சு அதையே பார்த்துட்டு "இந்த தடவை கேஷா குடுத்துருங்க தம்பி"ன்னாரு. குரூப்ல இருக்கறவங்க யாரோ லிஸ்ட்டை அவருக்கும் பார்வேர்டு பண்ணிட்டாங்க. 18,000 ரூபாய எண்ணி வெச்சேன். அது சனிக்கிழமை சம்பளத்துக்கு எடுத்து வெச்ச காசு. சனிக்கிழமை சாயங்காலம் ஓவர்லாக் ஓட்டற அக்கா கையில பாதிச் சம்பளத்தைக் குடுத்தப்ப அவங்க ஒண்ணும் சொல்லல, முந்தானையில முடிஞ்சுக்கிட்டு மெஷினுக்கு கவர் போட்டுட்டுப் போயிட்டாங்க. திங்கக்கிழமை வரல. பக்கத்துத் தெரு யூனிட்டுக்குப் போயிட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லைங்க.

அண்ணா, நம்ம தொழில் பேங்க் காசுல வளர்ந்ததில்ல. பங்காளி குடுத்த கைமாத்து, மாமன் போட்ட ஜாமீன், கடைக்காரர் நோட்டு, இதுலதான் 4 மெஷின் 14 ஆச்சு. நம்ம முகத்தைப் பார்த்துக் கடன் குடுத்தவங்க இப்ப லிஸ்ட்டைப் பார்த்துக் குடுக்க ஆரம்பிச்சா என்னை மாதிரி ஆளு எங்க போறது?

மேல போனவங்க மட்டும் நிம்மதியா இருக்காங்களா? முதல் அஞ்சுல இருக்கற ஒருத்தரு, எனக்கு அண்ணன் முறை, அந்த இடம் போயிரக் கூடாதுன்னு பீஸுக்கு ஒண்ணரை ரூபா கம்மியா ஆர்டர் எடுத்து, பைனான்ஸ்ல 12 மெஷின் இறக்கிட்டு, இப்ப ராத்திரி மாத்திரை போட்டாத்தான் தூங்கறாரு. அவரு குறைச்ச ரேட்டை எக்ஸ்போர்ட்காரங்க எங்கிட்ட காட்டி எனக்கும் குறைக்கறாங்க. இந்தப் போட்டியில லாபம் பார்த்தது யாருன்னு நீங்களே சொல்லுங்க. என் சம்சாரம் ஒரு காதுகுத்துக்குப் போயிட்டு அழுதுக்கிட்டே வந்தா, "உங்க யூனிட் கீழ போயிருச்சாமே"ன்னு பந்தியில வெச்சுக் கேட்டிருக்காங்க. தொழில் நிலவரம் சாப்பாட்டு இலை வரைக்கும் வரணுங்களா?

2011ல கோர்ட் உத்தரவுல சாயப்பட்டறை எல்லாம் மூடுனப்ப துணி வராம மெஷின் சும்மா நின்னுச்சு. அப்ப இதே சங்கம்தான் வர்ற துணியை நாலு யூனிட்டுக்குப் பிரிச்சுக் குடுத்து எல்லாரையும் ஓட வெச்சுது. அன்னைக்கு யாரும் யாரையும் எத்தனாவதுன்னு கேக்கல.

லிஸ்ட் போடத்தான் ஆசைன்னா, எந்த பார்ட்டி எத்தனை நாள் கழிச்சு பில்லுக்கு காசு குடுக்குதுன்னு போடுங்க. உத்யம்னு மத்திய அரசோட சிறுதொழில் பதிவு வெச்சிருக்கற சின்ன யூனிட்டுக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு 2006 சட்டமே இருக்கு, மீறுனா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. எனக்கு 110 நாளா ஒரு பில் நிக்குது. அதைக் கேட்டுக் குடுக்கச் சொல்லி ரெண்டு தடவை சங்கத்துல லெட்டர் குடுத்தேன், பதில் இல்ல. லிஸ்ட் மட்டும் தேதி தவறாம வருது.

கோவமாப் பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், அந்த லிஸ்ட்டை நிறுத்துங்க. குரூப்ல இருக்கற பழைய மூணு மாச லிஸ்ட்டையும் எடுத்துருங்க. வர்ற 5ஆம் தேதிக்கு முன்னாடி கூட்டம் போட்டீங்கன்னா எனக்குப் பேச 10 நிமிசம் குடுங்க, அந்த பற்று நோட்டையும் கையோட கொண்டாறேனுங்க.

இப்படிக்கு,
14 மெஷின் வெச்சிருக்கற ஒரு ஜாப் ஒர்க் உறுப்பினர்