‘பாதிக்கப்பட்டவர்’ வேண்டாமே

ஆசிரியருக்கு,

ஆட்டிசம் பற்றிய செய்திகளில் ‘ஆட்டிச நோயால் பாதிக்கப்பட்டவர்’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. ஆட்டிசம் நோயல்ல, மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. ‘ஆட்டிசம் உள்ளவர்’ என்றால் போதும். சிலர் தம்மை ‘ஆட்டிஸ்டிக்’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். உரியவரைக் கேட்டு எழுதுவதே முறை.

‘லேசான ஆட்டிசம்’ என்பது இன்னும் சிக்கல். சரளமாகப் பேசுபவருக்கும் இரைச்சலில் நிற்கவே முடியாமல் போகலாம். ‘லேசுதானே’ என்று அவர் கேட்கும் உதவியை மறுத்துவிடுகிறார்கள். மனநல, மூளை வளர்ச்சி நிலைகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வெளிவந்த டிஎஸ்எம்-5 கையேட்டின் 3 நிலைகளும் ஒருவருக்கு எவ்வளவு ஆதரவு தேவை என்பதைத்தான் குறிக்கின்றன. ஆட்டிசத்தின் ஒரு வகைக்கு முன்பு வழங்கிய ‘ஆஸ்பெர்ஜர்’ என்ற தனிப்பெயரையும் அது கைவிட்டுவிட்டது.

நேர்ப்பேச்சில் யாரேனும் இப்படிச் சொன்னால் பலர் முன்னிலையில் திருத்த வேண்டாம். கூச்சப்பட்டவர் காதில் காரணம் ஏறாது. தனியே அழைத்து, ஒரு சமயத்தில் ஒரு சொல்லை மட்டும், மாற்றுச் சொல்லோடு சொல்லலாம்: “‘பாதிக்கப்பட்டவர்’ வேண்டாமே, ‘ஆட்டிசம் உள்ளவர்’ என்று சொல்லுங்கள்.” வெறுமனே ‘தப்பு’ என்றால், அடுத்த முறை அவர் அந்தப் பேச்சையே தவிர்த்துவிடுவார். மறுபடி பழைய சொல் வந்தால், நம் பதிலில் சரியான சொல்லைப் பயன்படுத்தினாலே போதும்.

– ஆட்டிசம் உள்ள வாசகர்கள் சிலர்