நம் தண்ணீர் லாரிக்கு ஆறு பிஸ்டன்: நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் பொதுத் தண்ணீர் லாரிக் குழுவின் வணக்கம்.

பென்னாகரம் பக்கத்து நம் ஏழு குக்கிராமங்களுக்கும் பொதுவான தண்ணீர் லாரி மாசி மாதக் கடைசி வாரத்திலிருந்து ஓடவில்லை. முழு லோடுடன் மேட்டு வளைவில் ஏறிக்கொண்டிருந்தபோது இன்ஜினில் சத்தம் மாறியது. டிரைவர் அண்ணன் வண்டியை ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. டேங்கில் இருந்த தண்ணீரை அந்த இடத்திலேயே அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் குடம் குடமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டு, டிராக்டர் கட்டி வண்டியை இழுத்து வந்தோம். பட்டறையில் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், ஆறு சிலிண்டரில் மூன்றாவதில், டீசல் வெடித்துத் தள்ள மேலும் கீழும் ஓடுகிற பிஸ்டன் ஜாம்.

"போனது ஒரு பிஸ்டன்தானே, அதை மட்டும் மாத்திட்டு ஓட்டலாமே, எதுக்கு ஆறுக்கும் காசு கேக்கறீங்க?" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. காசு கொடுக்கிற எல்லோருக்கும் அதற்குப் பதில் தெரிய வேண்டும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

கழற்றிய பிஸ்டனையும், அது உள்ளே ஓடுகிற குழாயான லைனரையும் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வைத்திருக்கிறோம். வந்து கையில் எடுத்துப் பாருங்கள். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடுகின்றன. நகத்தால் குறுக்கே தடவினால் நகம் சிக்குகிறது. பிஸ்டனைச் சுற்றிப் பள்ளத்தில் மாட்டியிருக்கும் வளையங்களான ரிங்குகளில் மேல் இரண்டும் கரி ஏறிப் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டன, விரலால் அழுத்தினாலும் அசையவில்லை. அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது லைனரின் வெளிப்புறம். தண்ணீர் சுற்றி ஓடுகிற அந்தப் பக்கம் முழுவதும் வெந்நீர் அண்டாவின் அடியில் பிடிப்பதுபோல வெள்ளை வெளேரென்று உப்பு பூத்திருக்கிறது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் செதில் செதிலாக விழுகிறது.

இன்ஜினைக் கெடுத்தது அந்த உப்புதான். டீசல் வெடிக்கும்போது பிஸ்டன் தலையில் விழும் சூடு, பெரும்பகுதி ரிங்குகள் வழியாக லைனருக்குப் போய், அங்கிருந்து ரேடியேட்டர் தண்ணீருக்குப் போக வேண்டும். உப்புப் படிவு இரும்பைவிடப் பல மடங்கு குறைவாகத்தான் சூட்டைக் கடத்தும். லைனரின் மேல் அது கம்பளி போர்த்தியது மாதிரி உட்கார்ந்துவிட்டால் சூடு வெளியேற வழியில்லை. பிஸ்டன் அலுமினியமும் சிலிக்கனும் கலந்த உலோகம், லைனர் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அது மூடிக்கொண்டால் ஆயில் படலம் அறுந்து, உலோகத்தோடு உலோகம் உரசிப் பிடித்துக்கொள்கிறது.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது? நம் போர்வெல் தண்ணீரிலிருந்து. ஃப்ளோரைடு அதிகம் என்பதால் நாம் குடிக்காமல் ஒதுக்குகிற தண்ணீர் அது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு போனால் ஆகாது என்கிறார்கள். நம் வயதுக்காரர்கள் பலரின் பல்லைப் பார்த்தாலே அந்தத் தண்ணீரின் கதை தெரியும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகுதான் காவிரித் தண்ணீர் இந்த மாவட்டத்து ஊர்களுக்குப் பரவலாகக் கிடைத்தது. கீழே அந்தத் தண்ணீரைப் பிடித்து மேட்டில் உள்ள நம் வீடுகளுக்குக் கொண்டுவரத்தான் இந்த லாரி. ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்காத அந்த உப்புத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி வந்தோம். டெம்பரேச்சர் மீட்டர் வேலை செய்யவில்லை என்று டிரைவர் அண்ணன் இரண்டு முறை சொன்னார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டது குழு. இந்தத் தவறு எங்களுடையது, அவர்மேல் யாரும் பழி சொல்ல வேண்டாம்.

ஆறு பிஸ்டன் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறோம். ஒரே தண்ணீர்தான் ஆறு லைனரையும் சுற்றி ஓடியது. மற்ற ஐந்தையும் வெளியே எடுத்துப் பார்த்தோம், எல்லாவற்றிலும் அதே வெள்ளை. உள் அகலம் பார்க்கும் டயல் கேஜ் விட்டு அளந்ததில் எல்லா லைனரும் மேல்பக்கம் அகன்று தேய்ந்திருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்பு செலவைக் குறைக்க ரிங் மட்டும் மாற்றினோம். தேய்ந்த லைனரில் புது ரிங் சரியாக உட்காரவில்லை. வண்டி ஆயில் குடித்தது, இன்ஜின் மூச்சு விடும் குழாயான பிரீதர் வழியாகப் புகை தள்ளியது, மேட்டில் இழுவை இல்லை. அன்று மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக ஆயிலுக்கே கொடுத்துவிட்டோம். தவிர, புதிய பிஸ்டன் செட்டில் ஆறும் ஒன்றுக்கொன்று சில கிராம் வித்தியாசத்துக்குள் எடை பார்த்துச் சேர்த்தது. வெடிப்பின் உச்சத்தில் ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் 8 டன் அளவுக்குப் பாரம் விழுகிறது. அவ்வளவு பாரம் தாங்கி ஓடும் இன்ஜினில் ஒன்றைப் புதிதாகவும் ஐந்தைப் பழையதாகவும் போட்டு, நம் மேட்டு வளைவில் பாரம் ஏற்றி அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. இன்ஜினை இறக்கி ஏற்றும் கூலி, ஒன்றை மாற்றினாலும் ஆறை மாற்றினாலும் ஒன்றேதான்.

மொத்தச் செலவு 1,62,000 ரூபாய். லைனர், பிஸ்டன், ரிங், பின் சேர்ந்த செட் ஆறுக்கும் 42,000. பேரிங், கேஸ்கெட், ஆயில் பம்ப்புக்கு 28,000. லேத் பட்டறையில் பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்கைக் கிரைண்டிங் செய்வதற்கும் ஹெட் மட்டம் பிடிப்பதற்கும் 22,000. டீசல் பம்ப்பையும் டீசலைத் தூவும் நாசில்களையும் சரிபார்க்க 26,000. இதைக் குறைக்கச் சிலர் சொன்னார்கள், நாங்கள் ஒப்பவில்லை. நாசில் ஒழுங்காகத் தூவாமல் ஒழுகினால் புது பிஸ்டன் தலையிலும் ஓட்டை விழும். ரேடியேட்டர், உப்பு கழுவுதல், புது மீட்டர், ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்புத் திரவமான கூலண்ட்டுக்கு 19,000. கூலி 25,000. குழுவின் கையிருப்பு 48,000. மீதி 1,14,000 வேண்டும்.

ஏழு ஊரிலும் சேர்த்து 380 வீடுகள். வீட்டுக்கு 300 ரூபாய் என்றால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் தனியாக இருக்கும் பாட்டிமார்களிடமும், நூறு நாள் வேலைச் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளிலும் கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த இடத்தை வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகள் நிரப்ப வேண்டும். விடுமுறைக்கு வரும்போது நீங்களும் உங்கள் பிள்ளைகளும் குடிப்பது இந்த லாரித் தண்ணீரைத்தான்.

இப்போது வாடகை டேங்கர் வாரம் இரண்டு நடை மட்டும் வருகிறது. வீட்டுக்கு நான்கு குடம். சித்திரை வெயிலுக்கு அது போதாது. பட்டறைக்காரர் சாமான் கைக்கு வந்த பன்னிரண்டு நாளில் வண்டியைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பங்குனி பாதிக்குள் பணம் சேர்ந்தால் சித்திரை பிறக்கும்போது லாரி ஓடும்.

டூப்ளிகேட் சாமான் நிறையப் புழங்குகிறது. அதனால் சீல் உடைக்காத பெட்டியாக, ஜிஎஸ்டி பில்லோடு, குழுவில் மூன்று பேர் நேரில் போய் வாங்குவோம். பில்கள் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்படும். இன்ஜின் மாட்டியபின் முதல் 1,000 கிலோமீட்டருக்கு டேங்கின் இரண்டு அறைகளில் ஒன்றை மட்டும்தான் நிரப்புவோம். ரிங்கும் லைனரும் ஒன்றோடொன்று பதிய அந்த அவகாசம் வேண்டும். அந்த நாட்களில் நடை கூடும், தண்ணீர் வர நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டரில் இனி போர் தண்ணீர் ஒரு சொட்டும் விழாது. கூலண்ட் கேன் ஒன்று எப்போதும் கேபினில் இருக்கும், சாவி டிரைவர் அண்ணனிடம்.

பணமாகக் கொடுப்பவர்கள் ஊருக்கு ஒருவராக நியமித்திருக்கும் வசூல்காரரிடம் கொடுத்து, குழு முத்திரை வைத்த ரசீதை அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டாரிடம் கேட்டால், ரசீதுப் புத்தகத்தின் பின் அட்டையில் உள்ள கூட்டுக் கணக்கு எண்ணைப் படம் பிடித்து அனுப்புவார்கள். ரசீது இல்லாமல் யார் கேட்டாலும், குழுவில் உள்ளவரே கேட்டாலும், ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பொதுத் தண்ணீர் லாரிக் குழு,
ஏழு ஊர் மக்கள் சார்பாக